பெரிய கல்லை விட்டுவிட்டு சின்னக் கல்லுக்கு ஆபரேஷனா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 44. ஊர் பேரணாம்பட்டு பக்கம். ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று பிள்ளைகள். எடை 71 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டு வந்த இரவு நெஞ்சுக்குழியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் விடவில்லை. கேஸ் என்று நினைத்து சோடா குடித்துப் படுத்துவிட்டேன். போன மாதம் நடுராத்திரியில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை முதுகில் வலது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே வரை வலி. இரண்டு முறை வாந்தி. ஈ.சி.ஜி. நார்மல். ஸ்கேனில் பித்தப்பையில் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை பல கற்கள் என்று வந்தது. குழாயில் அடைப்பு இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரி. பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர்.

என் மாமியாருக்கு வயது 68, சுகர் இருக்கிறது. மூத்திரக் கடுப்புக்காக எடுத்த ஸ்கேனில் அவருக்கும் பித்தப்பையில் ஒரு கல், 18 மில்லிமீட்டர். அதே டாக்டர் அவருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். பெரிய கல்லை விட்டுவிட்டு சின்னக் கல்லுக்குக் கத்தி வைப்பது என்ன நியாயம் ஐயா? வாழைத்தண்டு சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு அக்கா ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடித்துப் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வந்ததைப் பார்த்தாராம். பையை எடுத்துவிட்டால் அப்புறம் சாப்பாடு ஜீரணம் ஆகுமா? மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதுவரை தள்ளிப் போடலாமா?

பதில்:

நியாயம் இருக்கிறது, அம்மா. உங்கள் டாக்டர் இரண்டு பேருக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் மில்லிமீட்டர் கணக்குதான் நம் கண்ணில் முதலில் படும். அவர் அதைப் பார்க்கவில்லை, யாருக்கு வலி வந்தது என்று பார்த்திருக்கிறார். உங்கள் மாமியாரின் கல் எத்தனை வருடமாக அங்கே கிடக்கிறதோ, யாரையும் தொந்தரவு செய்யாமல் தூங்குகிறது. உங்களுடையது இரண்டு தடவை எழுந்து உங்களை வாந்தி எடுக்க வைத்துவிட்டது.

முதலில் அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறிக்கடையில் ஈரல் வாங்கும்போது கவனித்திருப்பீர்கள். ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பையைக் கடைக்காரர் உடையாமல் பதமாக அறுத்து எறிவார். அது உடைந்தால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும். மீன் கழுவும்போது பித்து உடைந்தால் குழம்பு கெட்டுவிடும் என்பார்களே, அதுவும் இதே பைதான். நமக்கும் கல்லீரலுக்கு அடியில், வலது விலா எலும்புகளுக்குக் கீழே, சின்னக் கத்தரிக்காய் வடிவில் ஒன்று இருக்கிறது. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். கொள்ளளவு 30 முதல் 50 மில்லி, அதாவது அரை டம்ளர்கூட இல்லை.

பித்தநீரைத் தயாரிப்பது இந்தப் பை இல்லை, கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பங்கு இந்தப் பைக்குள் போய்த் தங்கும். பை அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி ஐந்து முதல் பத்து மடங்கு வரை கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாடு இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பும். அது ரத்தத்தில் வந்து சேர்ந்ததும் பை சுருங்கும், கீழே குழாயின் வாய் திறக்கும், பித்தநீர் சாப்பாட்டோடு போய்ச் சேரும். எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதைத்தான் பித்த உப்புகள் கொழுப்புக்குச் செய்கின்றன. வேலை முடிந்த உப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுத் திரும்பவும் கல்லீரலுக்கே போய்விடும். நம் உடம்பு போலச் சிக்கனமான குடித்தனக்காரரைப் பார்க்க முடியாது.

இப்போது உங்கள் கல்யாண வீட்டுக்கு வருவோம். ஆம்பூர் பிரியாணி, கூடவே எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்த் தொக்கு. பிரியாணியின் மேல் பழி போடாதீர்கள், அது கல்லை உண்டாக்கவில்லை. கொழுப்பு உள்ளே போனதும் பை வழக்கத்தைவிட பலமாகச் சுருங்கியது. உள்ளே கிடந்த ஒரு கல் பையின் கழுத்தில் போய்ச் செருகிக்கொண்டது. வழி அடைபட்ட நிலையில் பை சுருங்கிக்கொண்டே இருந்தால் வரும் வலிதான் நீங்கள் பட்டது. கல் மறுபடி பைக்குள் உருண்டு விழுந்ததும் வலி நின்றுவிட்டது. சோடாவால் நின்றதாக நினைத்துக்கொண்டீர்கள். நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த வலியை கேஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஓமத் தண்ணீர், சோடா, மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை என்று பல வருடம் ஓட்டிவிட்டு வருவார்கள்.

இந்த வலிக்கு என்று ஒரு முகம் உண்டு. மேல்வயிற்றின் நடுவிலோ வலது பக்கத்திலோ வரும். விட்டு விட்டுச் சுருட்டாது. ஏறி, அப்படியே அரை மணி முதல் சில மணி நேரம் வரை நிற்கும். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே போகும். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகோ, தூங்கிக்கொண்டிருக்கும்போதோ வரும். புரண்டு படுத்தாலும், ஏப்பம் விட்டாலும், வெளிக்குப் போனாலும் குறையாது. நீங்கள் எழுதியது அச்சாக இதேதான். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தது நல்ல காரியம். நெஞ்சுக்குழி வலியில் மாரடைப்பும் வேஷம் போட்டு வரும்.

வெறும் உப்புசம், ஏப்பம், சாப்பிட்டதும் வயிறு கனப்பது என்று மட்டும் இருந்து, ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்திருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அந்தத் தொந்தரவுகள் பையை எடுத்தாலும் போகாமல் இருக்கலாம். அப்புறம் பித்த மயக்கம், பித்த வெடிப்பு, பித்த நரை, வாய்க் கசப்பு என்று நாம் சொல்பவற்றுக்கும் இந்தப் பைக்கும் சம்பந்தம் இல்லை. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று சொல்லும் பித்தம் ஒரு தனிக் கணக்கு. இந்தப் பையில் இருக்கும் பச்சைத் தண்ணீர் வேறு. பையை எடுத்தால் பித்தம் தலைக்கேறுமா என்று பேஷன்டின் அண்ணன் ஒருவர் என்னிடம் ரொம்ப சீரியஸாகக் கேட்டார். ஏறாது.

சரி, கல் எப்படி வருகிறது? கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சர்க்கரையைக் கரையும் மட்டும் கரைத்துக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி, நூலைத் தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் நாள் கணக்கில் வைப்பார்கள். நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். பாகு இளக்கமாக இருந்தாலும் வராது, தினமும் கலக்கிக்கொண்டே இருந்தாலும் வராது. பித்தப்பையிலும் இந்த மூன்றும் கூடினால்தான் கல். பித்தநீரில் கரையும் அளவுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்க வேண்டும். பையின் உட்சுவரில் சுரக்கும் சளி நூல் மாதிரிப் பிடிமானம் கொடுக்க வேண்டும். பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்க வேண்டும்.

பெண்களுக்கு இது கூடுதலாக வருவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால். அது பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் பையைச் சோம்பேறியாக்குகிறது. உங்களுக்கு மூன்று பிரசவம், நாற்பதைத் தாண்டிய வயது, கொஞ்சம் கூடின எடை. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். ரத்தக் கணக்கும் பித்தநீர்க் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை நானே ஊகித்துக் கேட்கிறேன். காலையில் சாப்பிடுகிறீர்களா? ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களில் பலர் விடிவதற்குள் எழுந்து மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, ஒரு டீயோடு கம்பெனி வண்டி ஏறுவார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் அடுத்த சாப்பாடு மத்தியானம் பன்னிரண்டரைக்கு. பதினாறு மணி நேரத்துக்கு மேல் பையைச் சுருங்கச் சொல்லி ஆளே வருவதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு நாள் விரதம் இருப்பதைச் சொல்லவில்லை. தினசரி இப்படி நீளமாக வயிற்றைக் காயப்போடுவது கல்லுக்குச் சாதகம். அதே மாதிரி ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் சடசடவென்று இளைத்தால் கல் இன்னும் கூடும்.

கல்லில் வகை உண்டு. வேலூரில் அறுவை சிகிச்சை செய்பவருக்கு ஒரு வசதி, இரண்டு வகையையும் பார்க்கலாம். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, காந்தி ரோடு பக்கம் வங்காளப் பலகை மாட்டிய லாட்ஜில் தங்கிச் சிகிச்சைக்கு வருபவர்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய பையைத் திறந்தால் பெரும்பாலும் மஞ்சள் கல், கொலஸ்ட்ரால் கல். நம் ஊர்க்காரர்கள் பையில் மிளகு மாதிரி, கரித்தூள் மாதிரி கறுப்புக் கல்லும் கலப்புக் கல்லும் நான் நிறையப் பார்க்கிறேன். கறுப்புக் கல் பிலிருபின் என்ற நிறமியால் ஆனது. ரத்த அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர்களுக்கும் ஈரல் சுருங்கியவர்களுக்கும் அது அதிகம். இந்த வித்தியாசத்தை ஏன் சொல்கிறேன் என்பது கரைக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது புரியும்.

நமக்கு ரொம்ப நாளாகப் பழக்கமான ஒரு பித்தக்கல் இருக்கிறது, தெரியுமா? கோரோசனை. குழந்தைக்குச் சளி, மாந்தம் என்றால் பாட்டிமார் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுப்பார்களே, அது மாட்டின் பித்தப்பையில் விளையும் கல். தோல் பதனிடும் ஊர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட நியாயம். பித்தப்பையிலிருந்து வெளியே வரும் சிறு குழாய் மெலிசு, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் அகலம். 18 மில்லிமீட்டர் கல் அதற்குள் நுழையவே முடியாது. உங்கள் மாமியாருடையது வாசலை விடப் பெரிய அண்டா, வீட்டுக்குள்ளேயேதான் கிடக்கும். அது பையின் கழுத்தை அடைக்கலாம், வலியும் கொடுக்கலாம், ஆனால் ஊர்வலம் போகாது. உங்களுடைய நாலு மில்லிமீட்டர் கல் சுருக்கத்தின் அழுத்தத்தில் அந்தக் குழாயை விரித்துக்கொண்டு பொதுப் பித்தக் குழாய்க்குள் விழக்கூடியது. அங்கே நின்றால் மஞ்சள் காமாலை. கிருமி சேர்ந்தால் குளிர் காய்ச்சலோடு ரத்தம் வரை விஷமாகும். பித்தக் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடலில் ஒரே வாய் வழியாகத்தான் திறக்கின்றன. கல் அந்த வாயில் மாட்டினால் கணையம் வெந்துபோகும். கணைய அழற்சி பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காத சிலரை நான் ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், சிலரைக் காப்பாற்ற முடியாமலும் போயிருக்கிறது. பையில் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு கற்கள் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இதில் சின்னதுதான் பயப்பட வேண்டியது.

மாமியார் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வலியே கொடுக்காத கல் உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வலி ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்கள் கல்லோடேயே வாழ்ந்து, வேறு காரணத்தால் கண்ணை மூடுகிறார்கள். சுகர் இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பதும் இப்போது வழக்கமில்லை. கல் 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சதை வளர்ந்திருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ புற்றுநோய்க்குப் பயந்து யோசிப்போம். அவருடைய ரிப்போர்ட்டில் இவை எதுவும் இல்லை என்று டாக்டரிடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள், போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. சுகர்காரர்களுக்கு வலி மந்தமாகத் தெரியும், பையில் சீழ் பிடித்தால் சீக்கிரம் முற்றும். அவருக்குக் காய்ச்சலோடு மேல்வயிற்று வலி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஒரு ஒப்புதல். தொழிலுக்கு வந்த புதிதில், முழு உடல் பரிசோதனையில் கல் தெரிந்தது என்று வருபவர்களிடம், இருப்பது எதற்கு, எடுத்துவிடலாம் என்று நானும் சொன்னதுண்டு. அப்படி வலியே இல்லாமல் வந்த ஒருவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் பித்தநீர் கசிவு. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு ரிப்போர்ட்டை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பது பழக்கமாகிவிட்டது.

வாழைத்தண்டு. உங்கள் வீட்டுக்காரர் சிறுநீரகக் கல்லையும் பித்தக் கல்லையும் ஒன்றாக நினைக்கிறார். வாழைத்தண்டைக் குடித்தாலும், பார்லித் தண்ணீரைக் குடித்தாலும், கொடுமை, சிலர் பீர் குடித்தாலும், அதனால் கூடுவது மூத்திரம். சிறுநீரகக் கல்லுக்கு மூத்திரம் அதிகம் போவது உதவி. பித்தப்பைக்கு மூத்திரம் போகும் பாதையே இல்லை. பொரியலாகச் செய்து சாப்பிடுங்கள், நார்ச்சத்து நல்லது. கல்லுக்கு மருந்தாக வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்தது பொய் இல்லை. அவர் பார்த்த பொருள்தான் கல் இல்லை. எண்ணெயை அவ்வளவு குடித்து, கூடவே எலுமிச்சைச் சாறும் பேதி உப்பும் சேர்த்தால், குடலில் எண்ணெய் சோப்பாக உறைந்து பச்சை உருண்டைகளாக வெளியே வரும். அது மலத்தில் மிதக்கும், வெயிலில் வைத்தால் உருகும். பித்தக்கல் வெயிலுக்கு உருகாது. அவருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்திருந்தால் கல் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கும். உங்களை மாதிரிச் சிறு கற்கள் நிறைந்த பையை ஒரே மடக்கில் அவ்வளவு எண்ணெயை ஊற்றிச் சுருங்க வைப்பது என்னைக் கேட்டால் விஷப் பரீட்சை. வேண்டாம்.

கரைக்கும் மாத்திரை ஒன்று உண்மையாகவே இருக்கிறது, உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். அது கொலஸ்ட்ரால் கல்லை மட்டும், அதுவும் சுண்ணாம்பு சேராத சின்னக் கல்லை மட்டும், பை நன்றாகச் சுருங்கினால் மட்டும் கரைக்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தினமும் போட வேண்டும். கறுப்புக் கல் அதற்கு அசையாது. வெளியே இருந்து பார்த்து உங்களுடையது எது என்று ஸ்கேன் சொல்லாது. அப்படியே கரைந்தாலும் மாத்திரையை நிறுத்தினால் ஐந்து வருடத்துக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது என்கிறவர்களுக்குத்தான் நான் அதை எழுதுவேன். உங்களுக்கு இல்லை.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா என்று அடுத்து கேட்பீர்கள். முன்பு அப்படித்தான் செய்தார்கள். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பையையே எடுத்தார். கல் இருப்பதால் அல்ல, கல்லை உண்டாக்குவதே பை என்பதால் அதை எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். கற்கண்டுப் பாத்திரம் அங்கேயே இருந்தால் திரும்பக் கற்கண்டு விளையும். அதற்கு நூறு வருடம் கழித்து, 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் வயிற்றைக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பியில் எடுத்துக் காட்டினார். முதலில் அவரை யாரும் மதிக்கவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

உங்களுக்கும் அதைத்தான் செய்வார்கள். முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் அருகிலும் மேல்வயிற்றிலுமாக நாலு சின்னத் துளை. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, கேமராவில் பார்த்துக்கொண்டே பையின் குழாயையும் ரத்தக் குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, பையைத் தொப்புள் வழியாக எடுத்துவிடுவார்கள். அநேகமாக ஒரு மணி நேர வேலை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீடு. இரண்டு நாளைக்குத் தோள்பட்டை வலிக்கும். தோளில் கை வைக்கவே இல்லையே என்று பயப்படாதீர்கள், உள்ளே மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, தானே போய்விடும். உள்ளே ஒட்டல் அதிகமாக இருந்தால் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். அது டாக்டரின் தோல்வி இல்லை, புத்திசாலித்தனம். இந்த ஆபரேஷனில் நாங்கள் பயப்படும் விஷயம் ஒன்றுதான், பையின் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக் குழாயில் கை வைத்துவிடுவது. ஆயிரத்தில் ஒரு சிலருக்கு நடக்கிறது. வீக்கமும் சீழும் பிடித்த பையில் அந்தத் தவறு நடக்க வாய்ப்பு கூடுதல். வலி இல்லாத நாளில், அமைதியான பையில் செய்துகொள்ளுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது அதனால்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் கல்லை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். அவர் அதை ஊர் முழுக்கக் காட்டட்டும். அதைவிட முக்கியம், எடுத்த பை பயாப்ஸிக்குப் போனதா என்று கேட்பது. ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதை வாங்கி, படித்து, பத்திரமாக வையுங்கள். நிறையப் பேர் தையல் பார்க்க வரும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜீரணத்துக்கு ஒன்றும் ஆகாது. பித்தநீர் தயாரிப்பது கல்லீரல் என்று சொன்னேன் அல்லவா, அது தன் வேலையை நிறுத்தப் போவதில்லை. தொட்டி இல்லாத வீட்டில் குழாய்த் தண்ணீர் நேராகச் சொட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சிறுகுடலுக்குள் இறங்கும். குதிரைக்குப் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது, எலிக்கும் கிடையாது. அவை ஓடாமலா இருக்கின்றன? முதல் சில வாரம் சிலருக்கு எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டதும் பேதி ஆகும். கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் அது நீடிக்கும், அதற்கும் மருந்து இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து நீங்கள் பிரியாணி சாப்பிடலாம். ஒரு தட்டு, இரண்டு வேண்டாம்.

கடைசியாக பரீட்சை. தாயாக நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாலு மாதம் தள்ளிப் போட்டால், வலி வந்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க வாய்ப்புள்ள காலம் சரியாகப் பரீட்சை வரைக்கும் ஓடும். ஒரு முறை வலி கொடுத்த கல் திரும்ப வலி கொடுப்பதே வழக்கம், உங்களுக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது. இன்று ராத்திரியே செய்ய வேண்டிய அவசரமும் இல்லை. அடுத்த மூன்று நாலு வாரத்துக்குள் ஒரு தேதி வாங்குங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வீட்டு வேலை செய்யலாம். தையல் மெஷினில் உட்காருவதற்கு இரண்டு வாரம். பாரம் தூக்குவதற்கு ஒரு மாதம். தண்ணீர்க் குடத்தை அந்த மாதம் வீட்டுக்காரர் தூக்கட்டும், வாழைத்தண்டு நறுக்கும் நேரம் அவருக்கு மிச்சம்தானே.

பணத்துக்கு: கம்பெனியில் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் சிகிச்சைக்கு அங்கேயே வழி உண்டு. கூடவே, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்கு நோய்க்காலப் படியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் போய்க் கேட்டாலும் விவரம் சொல்வார்கள்.

அந்தத் தேதி வரும் வரை காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். பொரித்தது, கறிக் கொழுப்பு, வனஸ்பதிப் பலகாரம் வேண்டாம். தாளிக்கிற எண்ணெயைக்கூட விட வேண்டும் என்று இல்லை. வலி வந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூத்திரம் கடுங்காப்பி நிறத்திலும் மலம் வெளிறியும் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண் மஞ்சள் என்றதும் நம் பக்கத்தில் கீழாநெல்லிக்கும் பச்சிலைக்கும் பத்தியத்துக்கும் பத்து நாள் போய்விடும். வைரஸ் கிருமி ஈரலைத் தாக்கி வரும் காமாலை பல நேரம் தானாகவே இறங்கும், பெயர் பச்சிலைக்குப் போகும். கல் அடைத்த காமாலை அப்படி இறங்காது. குழாயில் நிற்கும் கல்லை எண்டோஸ்கோப்பி வழியாக வெளியே இழுக்க வேண்டும், அதற்கு ஈ.ஆர்.சி.பி. என்று பெயர். குளிர் நடுக்கத்தோடு காமாலை என்றால் சில மணி நேரம் தாமதமானாலும் உயிருக்கு ஆபத்து.

ஆபரேஷனுக்கு முன் உங்கள் டாக்டரிடம் நீங்கள் போடும் எல்லா மாத்திரையையும் காட்டுங்கள், பக்கத்து வீட்டில் வாங்கியதையும் சேர்த்து. ஈரல் பரிசோதனையை ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்தது போன மாதம். நடுவில் ஒரு சின்னக் கல் குழாய்க்குள் இறங்கியிருந்தால் அது அதில் தெரியும். அப்படித் தெரிந்தால் பித்தக் குழாயைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குழாயைச் சுத்தம் செய்த பிறகுதான் பையில் கை வைப்பார்கள். அது கூடுதல் செலவாயிற்றே என்று வேண்டாம் சொல்லிவிடாதீர்கள்.